நன்றாகப் பாடம் சொல்பவர் யார்?

ஆரணியின் பெயரைத் தாங்கிய ‘ஆரணி ரோடு’ ரயில் ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். அங்கிருந்து ஒரு பிள்ளை கலாசாலையில் சேரப் பட்டணத்துக்கு ரயிலேறும்போது, வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அங்கே வாத்தியார்கள் நன்றாகப் பாடம் சொல்லுவார்களா?”

நன்றாக என்றால் யாது? நோட்ஸ் எழுதவைத்து, பரீட்சைக்கு வரக்கூடிய கணக்குகளைப் போட்டுக் காட்டி, முதல் வகுப்பில் தேற்றிவிடுவதா? இந்தப் பக்கத்துத் தறிக்காரரைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். குழித்தறியில் உட்கார்ந்து பழகும் பையன், பாவில் இழை அறுந்தால் தானே தேடி முடியவேண்டும். பெரியவர் ஒவ்வொரு தடவையும் முடிந்து கொடுத்தால் அவனுக்கு விரல் பழகுமா?

சார்லஸ் ரஸீன் என்ற ஏசு சபைப் பாதிரியார் இந்தக் கட்சிக்காரர். 1897-ல் பிரான்ஸில் பிறந்தவர். கணித மேதை ஏலீ கார்த்தானிடம் பயின்று பாரிஸில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1937-ல் இந்தியாவுக்கு வந்து, முதலில் திருச்சியிலும் பிறகு சென்னை லயோலா கலாசாலையிலும் கணிதம் போதித்தார். அவருடைய பிரசங்கம் தெளிந்த நீரோடையன்று. இதை அவருடைய மாணாக்கர்களே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் பாடத்திட்டத்தின் வேலியைத் தாண்டி, அப்பொழுது ஐரோப்பாவில் உருவாகிக்கொண்டிருந்த புதுக் கணிதத்தின் வாசனையை வகுப்புக்குள் கொண்டுவந்தார். விட்டுப்போன இடங்களைப் பிள்ளைகள் தாங்களே நிரப்பிக்கொள்ள நேர்ந்தது.

எல்லாருக்கும் இது ஒத்துவருமா? வராது என்றே சொல்வேன். கடன் வாங்கிப் படிக்கவந்த சாமானியப் பிள்ளைக்குத் தெளிவான பாடமும் மார்க்கும் வேண்டியவையே. அதை ஏளனம் செய்வது வயிறு நிறைந்தவர் பேச்சு.

ஆனால் ரஸீன் செய்த மற்றொரு காரியம் உண்டு. அந்நாளில் கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு உட்காரவேண்டுமென்பது குடும்பங்களின் கனவு. பாதிரியாரோ, ஆராய்ச்சியில் நாட்டமுள்ள மாணாக்கரை, 1945-ல் தோன்றிப் பம்பாயில் இயங்கிவந்த டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகச் சொன்னார். பிறந்தது பிரான்ஸ்; ஆனால் தம் சிறந்த மாணாக்கருக்கு அவர் காட்டிய வழி சீமைக் கப்பலன்று, பம்பாய் ரயில்! நம்மவருள் எத்தனை பேருக்கு அப்பொழுது அந்தத் துணிவு இருந்தது?

அப்படிப் போனவர்களில் இருவர், 1932-ல் பிறந்து, 1953-ல் அங்கே சேர்ந்தவர்கள். எம். எஸ். நரசிம்மன், நமது பழைய வட ஆற்காடு ஜில்லாவின் தண்டரைக் கிராமத்து விவசாயக் குடும்பத்தவர். சி. எஸ். சேஷாத்ரி காஞ்சீபுரத்தவர். 1965-ல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம், வடிவ கணிதத்தின் இரு தனித்தனிப் பகுதிகளை இணைத்தது. இன்றும் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. பௌதிக சாஸ்திரிகளுக்கும் அது பயன்பட்டது.

ரஸீன் 1976-ல் காலமானார். 1989-ல் சேஷாத்ரி சென்னையில் ஒரு கணித நிலையத்தைத் தொடங்கினார். ஆராய்ச்சி செய்கிறவர்களே பி.எஸ்ஸி. வகுப்புப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லவேண்டும் என்பது அங்கே ஏற்பாடு.