ஆலோசகர் இருக்கிறார், அணுக முடிகிறதா?

பல்கலைக் கழகங்களுக்கு மனநல ஆலோசகர் வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் முடிந்துவிட்டது. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உச்ச நீதிமன்றம் அதை முடித்து வைத்தது. நூறு மாணவரோ அதற்கு மேலோ பயிலும் கல்வி நிலையம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று அது நெறிமுறை வகுத்தது. தனிச் சட்டம் இயற்றப்படும் வரை அந்நெறிமுறையே கல்வி நிலையங்களைக் கட்டுப்படுத்தும். ஆகவே, நாம் இன்று கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆலோசகர் இருக்கிறார்; சரி. அவரை அணுக முடிகிறதா?

இது சிறிய கேள்வி அன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் தற்கொலையால் மாண்ட மாணவர்கள் 13,044 பேர். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு மற்றோர் உண்மையையும் காட்டியது. மனநோய் உற்றவருள், நோயின் வகைக்கேற்ப, 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை உரிய சிகிச்சை பெறாமலே இருக்கின்றனர். நோய் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது, இரண்டுக்கும் இடையே ஒரு பள்ளம் கிடக்கிறது. நம் பல்கலைக் கழகத்தில் அந்தப் பள்ளம் எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, எண்ணிக்கை. ‘ஒருவரையேனும்’ என்று நீதிமன்றம் சொன்னது குறைந்த அளவு. அதையே நிறைந்த அளவாகக் கொண்டால் என்ன ஆகும்? விஞ்ஞான மாணவன் ஆகையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். 6,000 மாணவர் பயிலும் ஓரிடத்தில் இருபதில் ஒருவருக்கு உதவி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் 300 பேர். ஆலோசகர் ஒருவர் நாளொன்றுக்கு ஆறு பேரை அமைதியாக அமர்ந்து கேட்டால் வாரத்திற்கு 30 பேர். ஒரு முறை வந்தவர் மறுமுறை வரப் பத்து வாரம் ஆகும்! அதற்குள் பருவத் தேர்வே வந்துவிடும். மாணவர் தொகைக்கு ஏற்ற அளவில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்றும், தேர்வுக் காலங்களில் சிறு சிறு குழுக்களுக்குத் தனி ஆலோசகரோ வழிகாட்டியோ வேண்டும் என்றும் அதே நெறிமுறை கூறுகிறது. அந்தப் பகுதியை நிர்வாகத்தினர் படிக்க மறந்துவிடுகின்றனர்.

இரண்டாவது, நேரம். ஆலோசகர் அறை காலை 10 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்கு மூடப்படுகிறது. எங்கள் ஆய்வுக்கூட வேலையோ மாலை 5 மணிக்குத்தான் ஓய்கிறது. இடையில் எழுந்து சென்றால், “எங்கே போகிறாய்?” என்று கேட்க நால்வர் இருப்பர். உறக்கம் வராத மாணவனின் துன்பம் இரவில்தான் பெருகுகிறது. அந்த நேரத்தில் அறையும் இல்லை, ஆளும் இல்லை.

மூன்றாவது, மறைவு. ஆலோசகரைக் காணத் துறைத் தலைவரின் கடிதமும், விடுதிக் காப்பாளரின் கையொப்பமும் வேண்டும் என்றால் யார் போவார்? துன்பத்திற்குக் காரணமே ஆய்வு நெறியாளரின் கடுஞ்சொல்லாக இருந்தால், அவர் வழியாகவா மருந்து தேடுவது? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தன் 23ஆம் பிரிவில், மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் பற்றிய செய்தியை மருத்துவத் துறையினர் மறைவாகக் காக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகளே விலக்கு. இந்த உறுதியைப் பல்கலைக் கழகமும் எழுத்தில் தந்து அறையின் கதவில் ஒட்டினால் பாதி அச்சம் நீங்கும்.

நான்காவது, மொழி. தமிழகத்திலிருந்து இரண்டு இரவு ரயிலில் கழித்து டில்லிக்கு வந்து படிக்கும் நமக்கு இதுவே பெரிது. பாடத்தை ஆங்கிலத்தில் எழுதுகிறோம். கடைத்தெருவில் இந்தியில் பேரம் பேசுகிறோம். ஆனால் அழுகை தமிழில்தான் வருகிறது. “மனசே சரியில்லை”, “எதிலும் பிடிப்பில்லை”, “நெஞ்சு படபடக்கிறது” என்று நாம் சொல்லும் மூன்றும் வெவ்வேறு நிலைகள். அவற்றை ஆங்கிலத்தில் சொல்லப் புகுந்தால் மூன்றும் ‘டிப்ரஷன்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிப்போகின்றன. சொல்ல வந்தவன் சொல்லாமலே திரும்புகிறான். வங்காளத்திலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்த நண்பர்களுக்கும் இதே நிலைதான்.

“நண்பர்கள் நாம் இருக்கிறோமே, ஆலோசகர் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நண்பனின் தோள் பெரிது; ஐயமில்லை. எனினும், காய்ச்சல் கண்டவனுக்குக் கஞ்சி கொடுக்கும் நண்பன் ஊசி போட முயல்வதில்லை. வாரக் கணக்கில் உண்ணாமல், உறங்காமல், சாவைப் பற்றிப் பேசும் ஒருவனை அரட்டையால் தேற்றிவிடலாம் என்று எண்ணுவது அன்பு ஆகலாம்; அறிவு ஆகாது. அவனைத் தனியே விடாமல் உடனிருந்து, உதவி கிடைக்கும் இடத்திற்கு அழைத்துச் செல்வதே நட்பின் கடமை.

ஆதலால் நம் சங்கம் இவ்வாண்டு இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். ஒன்று, பதிவாளரிடம் விண்ணப்பம். மாலையிலும் அறை திறந்திருக்க வேண்டும். எவர் கடிதமும் இன்றி மாணவர் நேரே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆலோசகர் எண்ணிக்கை பெருக வேண்டும். தாய்மொழி அறிந்த ஆலோசகரோடு தொலைபேசி வழியாகவேனும் பேச ஏற்பாடு வேண்டும். மருத்துவம் தேவைப்படுவோரைத் தில்ஷாத் கார்டன் இஹ்பாஸ், எய்ம்ஸ் போன்ற அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்ப ஒழுங்கான வழி வேண்டும். இதற்குப் பிற மொழிச் சங்கங்களையும் துணைக்கு அழைப்போம். எல்லார் கையொப்பமும் சேர்ந்தால் விண்ணப்பத்திற்கு எடை கூடும்.

மற்றொன்று, நம் கையிலேயே உள்ளது. இந்திய அரசு 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தமிழிலும் பேசலாம். எண் 14416. புதிய மாணவர் வரவேற்பு விழாவில் மாலையும் இனிப்பும் தருகிறோம். அவற்றோடு இந்த எண் அச்சிட்ட ஒரு சிறு அட்டையையும் தருவோம். அதற்கு ஆகும் செலவு ஒரு வேளைத் தேநீர்ச் செலவுதான்.

ஆலோசகர் பதவி ஒன்று ஏட்டில் இருப்பதால் எந்த மாணவனும் பிழைப்பதில்லை. மாலை 5 மணிக்கு மேல், எவர் கண்ணிலும் படாமல், தன் மொழியில் பேச ஒரு கதவு திறந்திருக்குமானால் பிழைப்பான். அந்தக் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்போம். திறக்கும் வரை கேட்போம்.