மதிப்பெண் போடாத ஓர் அறை வேண்டும்

செம்பவாங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கம்பாஸ் அவென்யூ வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் நான் வெளியே எதையோ தேடிக்கொண்டே போவேன். அகலமான சாலை, தொழிற்கூடக் கட்டடங்கள், வரிசையாக நிற்கும் லாரிகள். இவைதாம் கண்ணில் படும். இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் ஒரு கோழிப்பண்ணை இருந்தது. முகவரி, 61பி லோரோங் கம்பாஸ். சிங்கப்பூர்க் கலை வரலாற்றின் முக்கியமான ஒரு பக்கம் அங்கேதான் எழுதப்பட்டது. அந்த லோரோங்கும் இன்று இல்லை, பண்ணையும் இல்லை.

நான் நுண்கலை படிக்கும் மாணவி. “என்ன படிக்கிறே?” என்று உறவினர்கள் கேட்பார்கள். பதில் சொன்னதும், “அப்ப நாள் முழுக்க விளையாட்டுதான்னு சொல்லு!” என்பார்கள். முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது, “ஆமாம் பெரியம்மா, அதற்குத்தான் நேரம் போதவில்லை” என்கிறேன். அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் அதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

1988ஆம் ஆண்டில் டாங் டா வூ என்ற கலைஞர் அந்தக் கோழிப்பண்ணையைத் தம் வீடாகவும் கலைக்கூடமாகவும் மாற்றினார். பிரிட்டனில் கலை பயின்று திரும்பியவர் அவர். அவரைத் தேடி இளம் கலைஞர்கள் பலர் அங்கு வந்து சேர்ந்தனர். ‘தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ்’, அதாவது கலைஞர் கிராமம், இப்படித்தான் பிறந்தது. 1989 ஜனவரியில் கலைக்கூடத்தின் கதவைத் திறந்துவைத்துப் பொதுமக்களை உள்ளே அழைத்தார்கள். அதே ஆண்டின் கடைசி நாளில் தொடங்கி, 1990 புத்தாண்டு வரை 24 மணி நேரம் இடைவிடாமல் ஒரு கலை நிகழ்ச்சி நடத்தினார்கள். அதன் பெயர் ‘தி டைம் ஷோ’.

இதைப் படிக்கும்போது வேலைவெட்டி இல்லாதவர்கள் கூடிய இடம் என்று தோன்றலாம். உண்மை அதுவல்ல. அங்கிருந்தவர்களில் ஒருவரான அமாண்டா ஹெங், வருமான வரித் துறை வேலையை விட்டுவிட்டுக் கலை படிக்கப் போனவர். லீ வென் வங்கியில் வேலை பார்த்தவர். 30 வயதை ஒட்டி, வங்கி வேலையை உதறிவிட்டு லாசால் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து விளையாடுவது விளையாட்டான முடிவாக இருந்திருக்க முடியாது.

அவர்களுடைய விளையாட்டு எங்கே போய் நின்றது என்று பாருங்கள். டாங் டா வூ 1989ல் காகிதத்தால் ஒரு காண்டாமிருகம் செய்து தரையில் கிடத்தினார். அதைச் சுற்றி, காண்டாமிருகப் படம் போட்ட குளிர்ச்சிப் பானப் போத்தல்களை அடுக்கினார். கொம்புக்காக ஒரு விலங்கினமே அழிவதைப் பற்றிய படைப்பு அது. அமாண்டா ஹெங் 1996ல் ஒரு மேசையைப் போட்டு, வந்தவர்களோடு உட்கார்ந்து தவ்கேயின் வாலைக் கிள்ளியபடி கதை பேசினார். நம் பாட்டிமார் புளோக்கின் கீழ்த்தளத்தில் செய்யும் வேலைதானே என்று கேட்கலாம். ஆமாம், அதுதான். அப்படிப்பட்ட பேச்சு நம் வாழ்க்கையிலிருந்து குறைந்துவருகிறது என்பதை அவர் அந்த மேசையில் வைத்துக் காட்டினார். லீ வென் வட்ட வடிவில், நடுவில் ஓட்டையுள்ள ஒரு மேசைப்பந்து மேசையைச் செய்தார். அதில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மோத முடியாது. பலர் உள்ளேயும் வெளியேயும் நின்று ஆட வேண்டும். பந்து எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது.

அதே 1988ல் நம் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரும் இப்படியொரு முயற்சியில் இறங்கியிருந்தார். நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஒன்றாகப் படித்த எஸ்.சந்திரசேகரன், சாலே ஜப்பார், கோ ஈ சூ ஆகிய மூவரும் கோத்தே நிலையத்தில் ‘திரிமூர்த்தி’ என்ற கண்காட்சியை நடத்தினர். ஒரு தமிழர், ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர். மூவரும் தத்தம் சமய, பண்பாட்டு வேர்களிலிருந்து படைத்தவற்றை ஒரே கூடத்தில் சேர்த்து வைத்தனர். சிங்கப்பூர்க் கலை பற்றிய நூல்களில் இன்றும் அந்தக் கண்காட்சி பேசப்படுகிறது. படிப்பை முடித்த கையோடு நண்பர்கள் மூவர் சேர்ந்து செய்தது அது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால், லோரோங் கம்பாஸ் நிலத்தை மேம்பாட்டுக்காக அரசாங்கம் எடுத்துக்கொண்டதால் 1990ல் கலைஞர்கள் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. 1994ல், ஒரு நிகழ்ச்சியால் எழுந்த சர்ச்சையைத் தொடர்ந்து நிகழ்த்துகலைக்குக் கிடைத்துவந்த அரசாங்க நிதியுதவி கிட்டத்தட்ட பத்தாண்டுகளுக்கு நின்றுபோனது. அமாண்டா ஹெங்குக்கும் லீ வென்னுக்கும் பின்னாளில் கலாசாரப் பதக்கம் கிடைத்தது உண்மைதான். ஆனால் லீ வென்னுக்கு அது 2005ல், அமாண்டா ஹெங்குக்கு 2010ல். ஆகவே, ‘விளையாடுங்கள், விருது வரும்’ என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

சென்னை அருகே இன்னொரு கலைஞர் கிராமம் இருக்கிறது. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966ல் அமைத்த சோழமண்டலம் அது. ஓவியத்தை நம்பிப் பிழைக்க முடியாது என்பது அன்றைய மாணவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலத்தை வாங்கினார்கள். அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது. நம் செம்பவாங் கிராமம் இல்லாமல் போனதற்கும் சோழமண்டலம் நிலைத்ததற்கும் காரணம் திறமை அல்ல, இடம். சொந்த இடம் இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே தொடர்ந்தார்கள்.

இடம் என்று நான் சொல்வது நிலத்தை மட்டுமல்ல. தவறு செய்யலாம், யாரும் கணக்குப் பார்க்கமாட்டார்கள் என்று நம்பக்கூடிய ஓர் இடம்.

கல்லூரிச் சேர்க்கைக்காக ஓராண்டு முழுவதும் நான் என் படைப்புத் தொகுப்பைத் தயார் செய்தேன். 12 படங்கள், ஒன்றிலும் பிசிறு கிடையாது. நேர்காணலில் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தவர், “சரியாக வராத படம் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. சரியாக வராததையெல்லாம் கிழித்துப் போட்டிருந்தேன். எனக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. நான்கு ஆண்டுகள் கலைப் பாடம் படித்த நான், மதிப்பெண்ணுக்காக அல்லாமல் ஒரு படம்கூட வரைந்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது நானும் என் நண்பர்களும் கொஞ்சம் கொஞ்சமாக விளையாடக் கற்றுக்கொண்டு வருகிறோம். ஒருமுறை தேக்காவில் மாலை கட்டி மிஞ்சிய உதிரிப் பூக்களை வாங்கி வந்து துணிக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தோம். சாமந்தி மஞ்சளாகப் பிடித்தது. ரோஜா அழுக்குப் பழுப்பாகப் போய்விட்டது. மூன்றாம் நாள் அறையே நாறியது, திட்டும் வாங்கினோம். அந்தத் துணி எதற்கும் உதவவில்லை. ஆனால் பூ வாங்கப் போன இடத்தில், எந்தப் பூ எவ்வளவு நேரம் தாங்கும், எது முதலில் வாடும் என்று பூக்கட்டும் அக்கா எங்களுக்கு அரை மணி நேரம் விளக்கினார். என் அடுத்த படைப்பு அந்தப் பேச்சிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது. அது எப்படி முடியும் என்று எனக்கே தெரியாது.

லிட்டில் இந்தியாவின் சுவர்களில் உள்ள பெரிய ஓவியங்களுக்கு முன்னால் நம்மில் பலர் படம் எடுத்துக்கொண்டிருப்போம். லாசால் கல்லூரியும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் இணைந்து 2015ல் தொடங்கிய ‘ஆர்ட்வாக்’ திட்டத்தில் உருவானவை அவற்றில் பல. அவை முடிந்த ஓவியங்கள். அவற்றுக்கு முன்னால் குப்பைக்குப் போன வரைபடங்கள் எத்தனையோ இருந்திருக்கும். சுவரைப் பாராட்டும் நாம், குப்பைக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும்.

என் வேண்டுகோள் பெரியதல்ல. ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியும் வாரத்தில் ஒரு பிற்பகல் கலை அறையைத் திறந்து வைக்கட்டும். தலைப்பு வேண்டாம், போட்டி வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கான சான்றிதழும் வேண்டாம். கலைப் பாடம் எடுக்காதவர்களும் வரட்டும். பழைய அட்டைப்பெட்டியும் நேற்றைய செய்தித்தாளும் போதும்.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பது எனக்குத் தெரியும். அறையைப் பார்த்துக்கொள்ள என்னைப் போன்ற முன்னாள் மாணவர்களைக் கூப்பிடுங்கள், வருவோம். படிப்பு கெடுமே என்று பெற்றோர் கவலைப்படுவதும் நியாயம்தான். ஆனால் விளையாட்டு என்றால் ஒழுங்கில்லாமை என்று பொருளல்ல. 24 மணி நேர நிகழ்ச்சியைச் சோம்பேறிகளால் நடத்த முடியாது.

கலைஞர் கிராமம் எப்படி இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவதற்கு, அப்போது கோ நுவாங் ஹாவ் என்பவர் புகைப்படங்கள் எடுத்து வைத்ததும் ஒரு காரணம். இல்லாவிட்டால் கம்பாஸ் அவென்யூவில் தேடுவதற்கு எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

என் தம்பி உயர்நிலை இரண்டில் படிக்கிறான். அடுத்த ஆண்டு கலைப் பாடத்தை எடுப்பதா, விடுவதா என்று என்னிடம் கேட்டான். “எதை வேண்டுமானாலும் எடு. ஆனால் சரியாக வராத படத்தைக் கிழித்துப் போடாதே” என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.