வெண்கலத்தில் வியர்வை

சென்னை மெரினாவில் நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள். 1959 முதல் அது அசையவில்லை, அவர்களும் விடவில்லை. அந்த உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி எந்த அச்சிலும் அடங்காத மனிதர். இன்று வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூரில் 1899ல் பிறந்தவர். மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல், வங்காளிக் கதைகள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 1929ல் சென்னைக் கலைப் பள்ளியின் தலைமைக்கு வந்தவர், கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே ஆட்சி செய்தார்.

ஆனால் அவரது நிழலில் யாரும் ஒடுங்கவில்லை. மாணவர் கே.சி.எஸ். பணிக்கர் வேறு பாதையில் போய்ப் புகழ் பெற்றார். மகன் பாஸ்கர் உளியை எடுக்கவில்லை. சலங்கை கட்டிக்கொண்டு நியூயார்க் போனார். உடலின் அசைவைத் தந்தை உலோகத்தில் நிறுத்தினார். மகன் மேடையில் ஓடவிட்டார்.

டெல்லியில் இருக்கும் தண்டி யாத்திரைச் சிலைகள்தான் தந்தையின் கடைசிப் பெரும் பணி. காந்திக்குப் பின்னால் பத்துப் பேர். வேலை முடிவதற்குள் 1975ல் அவர் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில், மேடையிலிருந்து விழுந்த மகனின் கால்கள் செயலிழந்தன. 2003ல் பாஸ்கரும் போய்விட்டார்.

மெரினாவின் நால்வர் மட்டும் இன்னும் நெம்பிக்கொண்டிருக்கிறார்கள்.