மருந்தின் மீது பழிபோட்டால் போதுமா?

கொரோனா நோயாளிகளுக்கு வரும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வைரஸின் வேலை அல்ல. பாதி மருந்தின் பக்கவிளைவு, மீதி நோயாளியின் பயம். எனவே இருமலும் மூச்சுத்திணறலும் இல்லாதவரைப் பரிசோதிப்பது வீண் வேலை. கடந்த இதழில் வெளியான கட்டுரையின் சாரம் இதுதான். எழுதியவர் மருத்துவர் என்பதால் நம்புவோர் இருப்பார்கள். அதனாலேயே இதை இப்படியே விட்டுவிட முடியாது.

முதலில் மருந்து. அசித்ரோமைசின் வயிற்றைக் கலக்கும். லோபினாவிர், ரிட்டோனாவிர் மாத்திரைகள் பேதியைக் கிளப்பும். இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பழிபோடுமுன், மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டாமா? அமெரிக்காவில் உறுதிசெய்யப்பட்ட முதல் நோயாளி, வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த 35 வயது ஆண். 2020 ஜனவரியில் மருத்துவமனையில் சேரும்போதே இரண்டு நாளாகக் குமட்டலும் வாந்தியும் இருப்பதாகச் சொன்னார். சேர்ந்த இரண்டாம் நாள் வயிறு போனது. ஆன்டிபயாடிக் தொடங்கியது ஆறாம் நாள், ரெம்டெசிவிர் ஏழாம் நாள். அவருடைய மலத்திலும் வைரஸின் ஆர்என்ஏ இருந்தது. ஆறாம் நாள் ஏற்றிய மருந்து இரண்டாம் நாள் பேதிக்குக் காரணமாகுமா? மருத்துவம் படித்தவர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே தீர்ப்பு எழுதியிருப்பது பொறுப்பின்மை.

அடுத்தது பயம். பயத்தில் வயிறு கலங்கலாம். மலத்தில் வைரஸ் வராது. சீனாவில் 73 நோயாளிகளை ஆராய்ந்தபோது 39 பேரின் மலத்தில் வைரஸின் ஆர்என்ஏ இருந்தது. அவர்களில் 17 பேருக்குச் சளிப் பரிசோதனை நெகட்டிவ் ஆன பிறகும் மலத்தில் பாசிட்டிவ். இதில் மர்மம் எதுவும் இல்லை. இந்த வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் சிறுகுடலின் உட்சுவரில் ஏராளமாக இருக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த மனிதக் குடல் திசுவில் வைரஸ் பெருகுவதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2020இலேயே காட்டிவிட்டார்கள். அந்தத் திசுவுக்கு என்ன பயம்?

கட்டுரையாளர் மலைபோல் நம்புவது 3.8 சதவீதம் என்ற எண்ணை. சீனாவில் 1,099 நோயாளிகளில் அத்தனை பேருக்குத்தான் வயிற்றுப்போக்கு என்பது உண்மை. ஆனால் அது நோய் பரவத் தொடங்கிய முதல் வாரங்களின் கணக்கு. அப்போது காய்ச்சலும் நிமோனியாவும் கண்டவர்களைத் தேடித்தான் பரிசோதித்தார்கள். வயிற்றுத் தொல்லை மட்டும் உள்ளவரைப் பரிசோதிக்காமல் விட்டுவிட்டு, அப்படிப்பட்டவர் மிகக் குறைவு என்று முடிவுகட்டுவது என்ன நியாயம்? ஹூபேயில் 204 நோயாளிகளிடம் விசாரித்தபோது, பசியின்மையைக் கழித்த பிறகும் 18.6 சதவீதம் பேருக்கு வயிற்றுத் தொல்லை இருந்தது. ஆறு பேருக்குச் சுவாச அறிகுறியே இல்லை.

அந்த ஆய்விலேயே கவலைப்பட வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. வயிற்று அறிகுறி உள்ளவர்கள் மருத்துவமனைக்கு வரச் சராசரியாக 9 நாள் ஆனது, இல்லாதவர்களுக்கு 7.3 நாள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிட்டால், அத்தனை நாளும் வீட்டிலுள்ளவர்களுக்குத் தொற்றும். கட்டுரையாளரின் யோசனையை ஏற்றால், தாமதமாக வரும் அந்த நோயாளியையும் வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

மலம் வழியாகப் பரவுவதுதான் கொரோனாவின் முக்கிய வழி என்று நான் சொல்லவில்லை. மூச்சுக்காற்றுதான் முக்கிய வழி. ஆனால் இதன் உறவுக்கார வைரஸ் 2003இல் கற்றுத்தந்ததை மறக்கலாமா? ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் கண்ட ஒருவர் வயிற்றுப்போக்குடன் கழிப்பறையைப் பயன்படுத்தினார். குளியலறைத் தரைவடிகால்களின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போயிருந்தது. அந்த வழியே கழிவுநீர்க் குழாயின் நுண்துளிகள் வீடுகளுக்குள் வந்து நோயைப் பரப்பியதாக விசாரணை முடிவு சொன்னது. 300க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள்.

அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2020 நடுவிலேயே குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு மூன்றையும் அறிகுறிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் மருத்துவர் இன்னும் ஜனவரியிலேயே நிற்கிறார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொற்று பரவும் காலத்தில் காரணம் தெரியாமல் வயிறு போனால், இருமல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் குடியுங்கள், தனித்திருங்கள், பரிசோதனை கேளுங்கள். மருத்துவர் மறுத்தால், காரணம் சொல்லச் சொல்லுங்கள்.