தருமம் யார் பெயரில்?



வெளிநாடு சென்று பொருளீட்டித் திரும்பிய சகோதரர்கள் பலர், அண்மைக் காலமாக ஒரே வினாவை வெவ்வேறு சொற்களில் கேட்டு வருகின்றனர். "அத்தாவின் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்க எண்ணியிருக்கிறோம். என்ன செய்ய வேண்டும், ஹஜ்ரத்?" என்பதே அவ்வினா. கேட்கும்போதே உள்ளம் குளிர்கிறது. பத்திரம் எழுதும் முறையை வழக்கறிஞர் சொல்லிவிடுவார். ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம், யார் கையில் கொடுக்கிறோம், நமக்குப் பின் அது என்னவாகும் என்னும் மூன்றுக்கும் நாமே விடை காண வேண்டும். அதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரண்டு ஊர்களைப் பார்த்தாலே பாடம் கிடைக்கும்.

பூ. ச. குமாரசுவாமி ராஜா இராசபாளையத்துக்காரர். 1949 முதல் 1952 வரை சென்னை அரசின் தலைமைப் பொறுப்பை வகித்தவர். பின்னர் ஒரிசாவின் ஆளுநராகவும் இருந்தவர். அவர் தாம் வாழ்ந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அது காந்தி கலை மன்றமாயிற்று. கையில் இருப்பதைக் கொடுப்பது ஒரு வகை. காலை வைத்து வாழ்ந்த வீட்டையே கொடுப்பது வேறொரு வகை. இது ஒருமுறை கொடுத்து, கைகழுவி, விலகிக்கொள்ளும் ஈகை.

அதே ஊரில் மற்றொரு வகையும் உண்டு. பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936இல் இராசபாளையம் மில்லைத் தொடங்கினார். அவர் காலத்திலேயே 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனமும் உருவானது. இன்று ராம்கோ என்று நாடறிந்த தொழில் குடும்பத்தின் தொடக்கம் அதுவே. 1962இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே, 1963இல், அவர் பெயர் தாங்கிய பாலிடெக்னிக் இராசபாளையத்தில் எழுந்தது. அவருடைய மகன் இராமசுப்பிரமணிய ராஜா 2017இல் மறையும் வரை தொழிலையும் அறப்பணியையும் சேர்த்தே நடத்தினார். 2013இல் தொடங்கிய ராம்கோ பொறியியல் கல்லூரியும் அக்குடும்பத்தின் அறக்கட்டளையைச் சார்ந்ததே. இங்கே கொடுத்தவர் விலகவில்லை. தலைமுறை மாறியபோதும் குடும்பம் கூடவே நிற்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைச் சாலையில் சென்றால் கிருஷ்ணன்கோவில் வரும். விடுதலைப் போராட்ட வீரரும் 'கல்வி வள்ளல்' என்று மக்களால் அழைக்கப்பட்டவருமான கலசலிங்கம், 1984இல் அங்கே பொறியியல் கல்லூரியொன்றை நிறுவினார். நடத்துவது குடும்ப அறக்கட்டளை. செவித்திறன் குறைந்த மாணவர்களும் பொறியியல் பயில அங்கே தனி வகுப்புகள் ஏற்பட்டன. மானாவாரி நிலத்தில் மழையை எதிர்பார்த்து வாழ்ந்த ஒரு பகுதி, இன்று பல மாநில மாணவர்கள் வந்து பயிலும் இடமாகியிருக்கிறது.

இவற்றைப் பார்த்து வியப்பதோடு நின்றுவிடலாகாது. குடும்பம் தன் கையிலேயே அறத்தை வைத்துக்கொள்வது நன்றா, தீதா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்னையின் பச்சையப்ப முதலியாரை எடுத்துக்கொள்வோம். அவர் 1794இல் உயில் எழுதி, தம் பெருஞ்செல்வத்தை அறப்பணிகளுக்கு ஒதுக்கிவிட்டு மறைந்தார். பொறுப்பேற்றவர்களின் கையில் அச்செல்வம் சீரழிந்தது. வழக்குமேல் வழக்கு நடந்தது. நீதிமன்றம் தலையிட்டு, பொறுப்பாளர் குழுவொன்று அமைந்து, தேங்கிக் கிடந்த பணத்தைக் கொண்டு அவர் பெயரில் முதல் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டபோது ஆண்டு 1842. நாற்பத்தெட்டு ஆண்டுகள்! கொடுத்தவரின் மனத்தில் குறையில்லை. பணத்திலும் குறையில்லை. பார்த்துக்கொள்பவரைக் கணக்குக் கேட்பார் இல்லாமற் போனதே குறை. இடையில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் எழுத்தறியாமலே வளர்ந்து முதிர்ந்தனர்.

அப்படியானால் குடும்பத்தார் கையில் ஒப்படைப்பதே தவறா? அன்று. நம் மார்க்க வரலாறு இதற்கு அழகான விடை வைத்திருக்கிறது. கைபரில் தமக்குக் கிடைத்த சிறந்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நிலத்தை அப்படியே நிறுத்தி வைத்து, விளைச்சலை அறம் செய்யும்படி நபிகளார் வழிகாட்டினார்கள். அதன்படி, அந்நிலத்தை விற்கக் கூடாது. அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது. வாரிசுகள் பங்கிடக் கூடாது. பார்த்துக்கொள்பவர் முறையோடு அதிலிருந்து உண்ணலாம். சேர்த்து வைத்துச் செல்வராகக் கூடாது. உமர் (ரலி) அவர்கள் அந்தப் பொறுப்பைத் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமே ஒப்படைத்தார்கள். அவர்களுக்குப் பின் குடும்பத்தில் அறிவும் பொறுப்பும் உடையவரிடம் சேர வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். குடும்பம் பொறுப்பேற்கலாம். ஆனால் பொறுப்பு வேறு, உரிமை வேறு. பெண்மக்கள் கணக்கெழுதத் தகுதியற்றவர்கள் என்று எண்ணுவோரும் இதனைக் கவனிக்க வேண்டும்.

இந்த வேறுபாடு மங்கினால் என்ன நேரும் என்பதற்கு நம் சமுதாயத்தின் வழக்கு ஒன்றே சான்று. தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தார் பயன்பெற்று, வழித்தோன்றல் அற்ற பிறகே ஏழைகளுக்குச் சேரும்படி எழுதப்பட்ட வக்ஃபு செல்லாது என்று 1894இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. முஸ்லிம்கள் கொதித்தெழுந்தனர். முகம்மது அலி ஜின்னா சட்டமன்றத்தில் முன்னின்று முயன்றதன் பயனாக, 1913இல் குடும்ப வக்ஃபு செல்லும் என்று தனிச் சட்டம் வந்தது. சட்டப்போரில் நாம் வென்றோம். எனினும், ஏழையின் பங்கை எட்டாத் தொலைவில் வைத்துவிட்டு அறம் என்று பெயரிடலாமா என்று அத்தீர்ப்பு எழுப்பிய ஐயம், நம் ஒவ்வொருவரின் மனச்சான்றையும் இன்னும் தொட வேண்டும்.

அருமை வாசகர்களே! இனி, அறக்கட்டளை தொடங்க எண்ணுவோர் கையெழுத்திடும் முன் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது: இது எவருடைய பணம்? தந்தை மறைந்தபின் சகோதரிகளின் பங்கைப் பிரித்துக் கொடுக்காமல், அதே சொத்திலிருந்து தந்தையின் பெயரால் தருமம் செய்வோர் உண்டு. தங்கை தையல் எந்திரத்தில் குனிந்து பிழைக்கிறாள். அண்ணன் மேடையில் நிமிர்ந்து நிற்கிறான். இது தருமம் அன்று. மரண சாசனம் எழுதுவோர்கூட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதலாகாது என்பதும், பிறரிடம் கையேந்தும் நிலையில் வாரிசுகளை விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் என்பதும் நபிமொழி தரும் நெறி. 2025இல் திருத்தப்பட்ட வக்ஃபுச் சட்டமும், குடும்ப வக்ஃபினால் பெண் வாரிசுகள் உள்ளிட்ட எவருடைய வாரிசுரிமையும் பறிபோகக் கூடாது என்கிறது. அத்திருத்தத்தின் பிற பகுதிகளில் நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் சட்டம் சொல்லித்தானா நாம் நம் தங்கையின் பங்கைக் கொடுக்க வேண்டும்?

இரண்டாவது: கூலி கொடுத்தாயிற்றா? இராசபாளையத்தின் நூல் ஆலைகளிலும், பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகளிலும் உழைப்போர் ஆயிரக்கணக்கானோர். இராசபாளையம் ஆனாலும் வேறெந்த ஊர் ஆனாலும், உழைத்தவரின் கூலியைக் குறைத்து மிச்சப்படுத்திய பணம் முதலாளியின் ஈகையாகாது. வியர்வை உலரும் முன்னே கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கூலி கடன். ஜகாத்தும் கடமை. இரண்டையும் தீர்த்த பின் மனமுவந்து கொடுப்பதே ஈகை.

மூன்றாவது: கொடுப்பது கம்பெனியா, குடும்பமா? 2014 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டமே. எனினும் அப்பணம் பங்குதாரர் அனைவருடையது. அதைக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தின் பெயரில் கல்வெட்டு வைத்துக்கொள்வது, ஊர்ப் பொதுக் கிணற்றில் நீர் இறைத்து ஊற்றிவிட்டு என் கிணறு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

நான்காவது: கணக்கை யார் பார்ப்பது? பொது அறத்துக்கென்று எழுதிக் கொடுத்த சொத்து, கொடுத்தவரின் சொத்தாக மீளாது. வரிவிலக்குப் பெறும் அறக்கட்டளை, ஆண்டு வருவாயில் 85 விழுக்காட்டைப் பொதுவாக அறப்பணிக்கே செலவிட வேண்டும். இவை அரசு கேட்கும் கணக்குகள். ஊர் கேட்கும் கணக்கும் ஒன்று வேண்டும். அறங்காவலருள் குடும்பத்தைச் சாராத இருவரேனும் இருக்கட்டும். அவர்களுள் ஒருவர் ஆசிரியராகவோ மருத்துவராகவோ இருந்தால் இன்னும் நன்று. ஆண்டுக்கொருமுறை வரவு செலவை ஜமாஅத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லாதவருக்கு இதில் என்ன கூச்சம்?

ஐந்தாவது: வாங்குபவரின் முகம் என்னவாகும்? ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் மாணவர்களுக்காகப் பரிந்துரைக் கடிதங்கள் எழுதுவது என் வேலைகளுள் ஒன்று. ஒருமுறை நன்றாகப் படிக்கும் சிறுமி ஒருத்திக்கு ஓரிடத்தில் நோட்டுப் புத்தகங்கள் கிடைத்தன. மேடையில் ஏற்றிப் படமெடுத்து, அப்படத்தைச் சுவரொட்டியாகத் தெருவெங்கும் ஒட்டினார்கள். அடுத்த ஆண்டு கடிதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் தாயார் பீடி சுற்றிய காசில் பழைய நோட்டுகளின் எழுதாத தாள்களைத் தைத்துக் கொடுத்தார். ஐம்பது ரூபாய் நோட்டுக்கு அந்தக் குழந்தை எவ்வளவு விலை கொடுத்தது என்று எண்ணிப் பாருங்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்னும் நெறி, கொடுப்பவரின் பணிவுக்காக மட்டும் சொல்லப்பட்டதன்று. வாங்குபவரின் மானத்துக்காகவும் சொல்லப்பட்டது.

பெயர் வைப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. திருச்சியில் 1951இல் தோன்றிய கல்லூரிக்கு ஜமால் முகம்மது சாகிபின் பெயர் இருக்கிறது. நிலம் தந்த காஜாமியான் ராவுத்தரின் பெயரையும் ஊர் மறக்கவில்லை. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே பயில்கின்றனர். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று கீழக்கரை வள்ளலைத் தமிழுலகம் இன்றும் சொல்கிறது. அப்பெயர்களை நிலைக்கச் செய்தது கல்வெட்டன்று, பயன்பெற்றவரின் வாய்.

ஆகவே சகோதரர்களே, கோடிகள் வேண்டியதில்லை. ஒரு கடையின் வாடகை போதும். அவ்வாடகையில் ஆண்டுக்கு ஒரு பிள்ளையைக் கடைசி வகுப்பு வரை படிக்க வைப்பது என்று எழுதிவையுங்கள். கடையை விற்கக் கூடாது என்று எழுதுங்கள். பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மகனுக்கோ மகளுக்கோ கொடுங்கள். கேட்கும் உரிமையை ஊருக்குக் கொடுங்கள். அதற்கு முன், இன்று இரவே தங்கையின் வீட்டுக்குப் போய் அவள் பங்கைப் பற்றிப் பேசுங்கள். அத்தாவின் பெயரால் செய்யும் முதல் தருமம் அதுவாகவே இருக்கட்டும். வல்ல இறைவன் ஏற்றருள்வானாக!