குடிக்கூலியர் இல்லமும் இல்லமே!

வீட்டை 'இல்' என்றும் 'அகம்' என்றும் பெயரிட்டு வழங்கிய இனம் தமிழினம். மாந்தனின் உள்ளத்திற்கும் அவன் உறையும் வீட்டிற்கும் 'அகம்' என ஒரே சொல்லை ஆண்டதில் ஆழ்ந்த கருத்துண்டு. பிறர் உள்ளத்துள் அத்துமீறிப் புகுவது இழிவு. பிறர் வீட்டினுள் இசைவின்றிப் புகுவதும் அவ்வாறே. அகத்திணையில் எவர் பெயரையும் சுட்டிக் கூறலாகாதென வரம்பிட்ட தொல்காப்பியமும் இப்பண்பாட்டிற்குச் சான்றாகும்.

இவ்வளவுகோல் கொண்டு இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றக் குடியிருப்புகளை நோக்குக. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெருகிய அவ்வீடுகள் உழைக்கும் மக்களுக்கென எழுந்தவை. வீடு மன்றத்தினுடையது, வாழ்வோ குடியிருப்போருடையது. 'எம் வீடு, எம் அலுவலர் வேண்டும்பொழுதெல்லாம் புகுவர்' என மன்றம் கூறவியலுமா? இயலாது! 1985ஆம் ஆண்டின் வீட்டுடையார் – குடிக்கூலியர் சட்டப்படி, பழுது பார்வையிட வருவோர் 24 மணி நேரத்திற்கு முன்னரே எழுத்தால் அறிவித்தல் வேண்டும். தகுந்த பொழுதிலேயே வருதலும் வேண்டும். தனியார் வீடுகளை ஆயும் மன்ற அலுவலர்க்கும், 2004ஆம் ஆண்டின் வீட்டமைப்புச் சட்டம் பொதுவாக அதே 24 மணி நேர வரம்பை விதித்துள்ளது. குடியிருப்போர் மறுப்பின், கதவைத் தகர்ப்பதன்று வழி. முறைமன்றத்தை நாடுவதே வழி. வீட்டையும் தனிவாழ்வையும் மதிக்குமாறு 1998ஆம் ஆண்டின் மாந்தவுரிமைச் சட்டமும் பொது அமைப்புகளைக் கட்டுப்படுத்துகின்றது.

ஆய்வே வேண்டா என்பதன்று இதன் பொருள். 2020ஆம் ஆண்டின் இறுதியில் இராச்டேல் நகரத்துப் பொதுக் குடியிருப்பொன்றில், சுவரில் படர்ந்த பூஞ்சணத்தால் மூச்சுநோயுற்று இரண்டு அகவைக் குழந்தையொன்று மாண்டது. அக்குழந்தையின் பெயரால் எழுந்த சட்டம் 2025 அக்தோபர் 27 முதல் நடப்பிற்கு வந்துள்ளது. உடனடிக் கேடாயின் 24 மணி நேரத்திற்குள்ளும், கடுமையான ஈரமும் பூஞ்சணமுமாயின் 10 வேலை நாள்களுக்குள்ளும் வீட்டுடையார் ஆய்ந்தாக வேண்டும். ஆய்வு உயிர்காப்பு, ஐயமில்லை.

ஆயின், சுவரின் ஈரத்தைக் காண வந்தவர்க்குப் பெண்டிரின் துணிப்பேழையில் என்ன வேலை? கூரையின் ஒழுக்கை ஒளிப்படமெடுப்பவர் படுக்கையறையையும் மருந்துப் புட்டிகளையும் சேர்த்தெடுப்பது எதற்கு? வந்த நோக்கம் எதுவோ, அதுவே பார்வையின் எல்லை. அவ்வெல்லை கடந்தால் ஆய்வு உளவாகிவிடும்.

இதில் தமிழர்க்கும் பங்குண்டு. 1983ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப்பின் ஈழத்தமிழர் பலர் இலண்டனில் குடியேறினர். ஆங்கிலம் அறியாத முதியோரும் அவர்களுள் உளர். கதவிடுக்கில் விழுந்த ஆங்கிலத் தாள் அம்முதியோர்க்கு அறிவிப்பாகுமா? படித்தறிய இயலாத அறிவிப்பு, அறிவிக்காமைக்கு ஒப்பானதே. என்ன வினவுகின்றனர், எதற்கு ஒப்பம் கேட்கின்றனர் என்பதறியாது தலையசைத்தல் இசைவன்று, இயலாமை.

எனவே, ஆங்குள்ள தமிழ் அமைப்புகள் விழாக்களோடு அமையாது, இவ்வுரிமைகளை எளிய தமிழில் அச்சிட்டு வீடுதோறும் சேர்த்தல் வேண்டும். ஆய்வு நாளில் மொழியறிந்த ஒருவர் முதியோர்க்குத் துணைநிற்றல் வேண்டும். மன்றங்களும் அறிவிப்பைக் குடியிருப்போரின் தாய்மொழியில் தருதல் வேண்டும்.

கூலி கொடுத்து வாழ்வோர் கூரையைத்தான் கடனாகப் பெற்றனர். மானத்தை அடகு வைத்தாரல்லர்!