இரண்டு குடும்பம், ஒரு பெட்டி

2020 மே மாதம் கேரளம் திறந்துவிட்ட எல்லைச் சாவடிகளில் பாலக்காட்டு வாளையாரும் இடுக்கியின் குமுளியும் உண்டு. இணையத்தில் பதிந்து வாங்கிய பாஸ் இருந்தால்தான் வழி. மே 9 அன்று பாஸ் இல்லாமல் வாளையார் வந்தவர்கள் சாலையிலேயே தவித்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமையிலும் கேரள உயர் நீதிமன்றம் கூடி, அவர்களை உள்ளே விடச் சொன்னது. இனி வருவோருக்குப் பாஸ் கட்டாயம் என்றது.

ஒரு படிவம் ஊர் போய்ச் சேருவதையே தீர்மானிக்கிறது என்றால், அதன் பின்னால் இருக்கும் புரோகிராம் எப்படி எழுதப்படுகிறது என்பது சில்லறை விஷயமல்ல. அப்படியொரு படிவத்தை ஜாவாவில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

வெப் சர்வருக்கு ஞாபக மறதி அதிகம். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது, கேட்பது யார் என்று அதற்குத் தெரியாது. எனவே வருபவருக்கு ஓர் அடையாள எண் தந்து, அந்த எண்ணின் பேரில் தன் நினைவகத்தில் ஒரு பெட்டி ஒதுக்குகிறது. அதுதான் செஷன். எண் பிரௌசரின் குக்கியில் தங்கும். டாம்கேட் சர்வரில் வழக்கமாக 30 நிமிடம் பேச்சுமூச்சு இல்லாவிட்டால் பெட்டி காலி.

குமுளியில் ஓர் அக்ஷயா மையம். வாசலில் கூட்டம். பிரௌசரில் இரண்டு டேப் திறந்து, இரண்டு குடும்பங்களின் விவரங்களை மாற்றி மாற்றி நிரப்புகிறார் ஊழியர். டேப் இரண்டானாலும் குக்கி ஒன்று, பெட்டியும் ஒன்று. புரோகிராமர் 'விண்ணப்பம்' என்ற ஒரே பெயரில் ஆப்ஜெக்டை வைத்திருந்தால், இரண்டாவது குடும்பம் முதல் குடும்பத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். முதல் டேபில் பொத்தானை அழுத்தினால் போவது அடுத்தவர் பெயர். எந்தப் பிழைச் செய்தியும் வராது. செக்போஸ்ட்டில்தான் தெரியும்.

செஷன் ஒருவருடையதுதானே, அதற்கென்ன பூட்டு என்பது புரோகிராமர்களின் செல்ல மூடநம்பிக்கை. ஒரே பெட்டியை இரண்டு த்ரெட் ஒரே நொடியில் தொடலாம். சர்வ்லெட் விதிமுறை பெட்டியைக் காக்கச் சொல்கிறது. உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட் எழுதியவர் பாடு. வைத்த ஆப்ஜெக்டைத் திருத்தாமல், புதிதாக ஒன்று செய்து மாற்றி வைத்தால் பாதி பழசு, பாதி புதுசு என்ற கோளாறு வராது. ஒவ்வொரு படிவத்துக்கும் தனி எண் கொடுத்து, அரைகுறை விண்ணப்பத்தை டேட்டாபேசில் போட்டுவிடுவது இன்னும் உத்தமம். இரண்டாவது சர்வருக்குப் போக வேண்டிய ஆப்ஜெக்ட் சீரியலைசபிளாக இருந்தாக வேண்டும். லாகின் ஆனதும் அடையாள எண்ணை மாற்றவும் வேண்டும். 2013 முதல் அதற்கு ஒரே வரி போதும்.

செஷனில் எதைத்தான் வைப்பது? சித்தூரிலும் தேவிகுளத்திலும் தமிழர் ஏராளம். வந்தவர் மலையாளம் வேண்டாம், தமிழ் போதும் என்றாரே, அந்தச் சின்னக் குறிப்பைத் தாராளமாக வைக்கலாம்.